முதல் நாளிலேயே மாணவர்களின் பெயர்களைப் பிடிப்பது எப்படி?

உங்கள் கேள்வி இதுதான்: முதல் முறையாக ஆசிரியர் வேலையில் சேரப்போகிறீர்கள். வகுப்பில் ஐம்பது அறுபது பேர். உங்களுக்கோ பெயர்கள் மனதில் நிற்பதே இல்லை. ஆனாலும் முதல் நாளிலேயே பெயர்களைத் தெரிந்துகொண்டு, மாணவர்களோடு ஓர் ஒட்டுதல் வந்துவிட வேண்டும். முடியுமா?

அறுபது பேரையும் முதல் நாளில் பிடிப்பது சிரமம். இருபது, இருபத்தைந்து பேரைப் பிடித்துவிடலாம், மீதி அந்த வாரத்துக்குள் வந்துவிடும். இதற்கு அபார ஞாபகசக்தி எல்லாம் வேண்டாம். முதல் வகுப்பை நடத்தும் முறையைக் கொஞ்சம் மாற்றினால் போதும்.

பெயர் எல்லோருக்கும்தான் நழுவும். முகம் நினைவிருக்கும், எங்கே உட்கார்ந்திருந்தான் என்பது நினைவிருக்கும், என்ன கேட்டான் என்பதுகூட நினைவிருக்கும், பெயர் மட்டும் தொண்டை வரை வந்து நிற்கும். மெக்வீனி, யங், ஹே, எல்லிஸ் என்ற உளவியலாளர்கள் 1987-இல் இதைச் சோதித்தார்கள். அறிமுகமில்லாத முகங்களைக் காட்டி, ஒவ்வொருவரின் பெயரையும் தொழிலையும் கற்கச் சொன்னார்கள். ‘பேக்கர்’ (ரொட்டி சுடுபவர்) என்ற ஒரே சொல் சிலருக்குத் தொழிலாகவும் சிலருக்குப் பெயராகவும் வந்தது. தொழிலாக வந்தபோது எளிதில் நினைவிருந்தது, பெயராக வந்தபோது மறந்தது. தொழில் என்றால் அடுப்பு, மாவு, வாசனை என்று பற்றிக்கொள்ள நூறு விஷயங்கள் இருக்கின்றன. பெயருக்கு அந்தப் பிடிமானம் கிடையாது, அதை நாம்தான் கொடுக்க வேண்டும். மாணவர் பேசிய ஒரு வாக்கியம், எழுதிய ஒரு வரி, கேட்ட ஒரு கேள்வி, எதுவாக இருந்தாலும் சரி.

முதல் நாளில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர் எதிர். ஒவ்வொருவராக எழுந்து பெயரையும், தன்னைப் பற்றி ‘சுவாரசியமான ஒரு விஷயத்தையும்’ சொல்ல வேண்டும். அரை மணி நேரம் போய்விடும். ஆசிரியருக்குக் கடைசி மூன்று பெயர்கள் நிற்கும், மாணவர்களுக்கு அதுவும் நிற்காது. மால்கம் பிரென்னர் 1973-இல் காட்டிய விளைவு இங்கே அப்படியே பொருந்துகிறது: வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசும்போது, தன் முறைக்குச் சற்று முன்னால் பேசியவர்கள் சொன்னதுதான் ஒருவருக்கு மிகக் குறைவாக நினைவிருக்கிறது. ‘நான் என்ன சொல்வது’ என்று உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் பேசுவது எங்கே காதில் விழும்? கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு இந்தச் சடங்கு தண்டனையேதான். என்னைக் கேட்டால் இதை அப்படியே கைவிட்டுவிடலாம்.

வருகைப் பதிவேட்டை வாசிப்பதும் பெயர் கற்க உதவாது. தலையைக் குனிந்தபடி நாம் பெயரைப் படிக்கிறோம், எங்கிருந்தோ ஒரு குரல் வருகிறது, டிக் போடுகிறோம். முகத்தைப் பார்ப்பதே இல்லை. பதிவேடு கட்டாயம் என்றால் ஒவ்வொரு பெயருக்கும் தலையை நிமிர்த்தி, ஆளைக் கண்டுபிடித்து, ஒரு கணம் பார்த்துவிட்டு டிக் போடுங்கள். கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

சரி, என்னதான் செய்வது? முந்தின நாளே பட்டியலை வாங்கி ஒரு முறை படியுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம், முகம் இல்லாத பெயர்களை உருப்போடுவதில் பலன் குறைவு. இரண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள். ஒரே பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது? எந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று தெரியவில்லை? இந்த இரண்டிலும்தான் முதல் நாளில் தடுமாற்றம் வரும்.

மணி அடிப்பதற்கு முன்பே போய் வாசலில் நில்லுங்கள். உள்ளே வருகிறவர்களிடம் வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, திருப்பிச் சொல்லுங்கள். ஆல்டே, பகுரார் என்ற இருவர் 2007-இல் ஒரு சிறிய ஆய்வு வெளியிட்டார்கள். வகுப்பில் கவனம் சிதறும் மூன்று மாணவர்களை ஆசிரியர்கள் வாசலிலேயே பெயர் சொல்லி வரவேற்று, இரண்டு நல்ல வார்த்தை பேசினார்கள். வகுப்பின் முதல் பத்து நிமிடங்களில் அவர்கள் வேலையில் ஈடுபட்டிருந்த நேரம் சராசரியாக 45 சதவீதத்திலிருந்து 72 சதவீதமாக உயர்ந்தது. மூன்றே பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாதுதான். ஆனால் செலவில்லாத காரியம், செய்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

உள்ளே வந்ததும் ஆளுக்கொரு ஏ4 தாள் கொடுங்கள். மடித்து மேசைமேல் நிற்கிற மாதிரி வைத்து, தடித்த மார்க்கரில், பெரிய எழுத்தில், எந்தப் பெயரில் அழைக்கப்பட விரும்புகிறார்களோ அதை எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டில் இருப்பது ஒன்று, வீட்டிலும் நண்பர்களிடமும் புழங்குவது வேறொன்று என்று இருப்பவர்கள் எப்போதும் நாலைந்து பேராவது இருப்பார்கள். இரண்டு பக்கமும் எழுதச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் தெரியும். மாணவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் தெரிந்துகொள்வதும் முக்கியம், நாம்தான் அதை மறந்துவிடுகிறோம். எழுத்து சிறிதாக இருந்தால் திருப்பிக் கொடுத்துப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். பால்பாயிண்டில் எழுதிய அட்டை மூன்றாவது வரிசைக்கு அப்பால் வெறும் காகிதம்தான்.

பிறகு பத்து நிமிடத்துக்குள் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். இருவர் இருவராகச் சேர்ந்து செய்யும் நிஜமான பாட வேலை, ஒரு புதிர் போல, யோசிக்க வைப்பதாக. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் இருக்கை வரைபடத்தோடு, அதாவது ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு கட்டம் வரைந்த தாளோடு, வரிசை வரிசையாகப் போகலாம். முதல் பெஞ்சில் ஐந்து பேர். ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேளுங்கள், அட்டை எதிரில் இருந்தாலும் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொல்லிவிட்டு வரைபடத்தில் நீங்களே எழுதுங்கள். ஐந்தாவது ஆளோடு முடிந்ததும் வரைபடத்தைக் கவிழ்த்து, அட்டைகளையும் மடக்கச் சொல்லிவிட்டு, முதல் ஆளிடம் திரும்புங்கள்.

“கவிதா, சரியா?”

தலையாட்டுவாள்.

“நீ... பிரபு.”

“இல்லை, பிரகாஷ்.”

பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். சிரிக்கட்டும். “பிரகாஷ், பிரகாஷ். போகும்போது மறுபடியும் கேட்கிறேன் பார்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போங்கள். தவறாகச் சொல்லித் திருத்தப்பட்ட பெயர் பெரும்பாலும் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். ஆசிரியர் நம் பெயருக்காக மெனக்கெடுகிறார் என்பது அந்த பெஞ்சு முழுக்கத் தெரிந்துவிடும். ஒட்டுதலுக்கு என்று தனியாக விளையாட்டு நடத்தத் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான், அது இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இங்கே வேலை செய்வது, பார்த்துப் படிக்காமல் நினைவிலிருந்து எடுக்கும் பழக்கம். பெயர்ப் பட்டியலைப் பத்து முறை படிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு மூன்று முறை சொல்லிப் பார்ப்பது அதிகம் நிற்கும். லாண்டவர், பியோர்க் என்ற இருவர் 1978-இல் குறிப்பாகப் பெயர் கற்பதையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். கற்றதும் உடனே ஒரு தடவை, சற்று இடைவெளி விட்டு மறு தடவை, பிறகு இன்னும் நீண்ட இடைவெளி விட்டு ஒரு தடவை என்று இடைவெளியை விரித்துக்கொண்டே போய் நினைவுகூர்ந்தவர்களுக்கு நன்றாக நின்றது. வகுப்பில் இதைச் செய்வது எளிது. பெஞ்சு முடிந்ததும் ஒரு தடவை, இரண்டு பெஞ்சு தாண்டித் திரும்பிப் பார்த்து ஒரு தடவை, வகுப்பு முடியும்போது வாசலில் ஒரு தடவை. அப்புறம் ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்ததும் வெற்றுக் கட்டங்கள் மட்டும் வரைந்த தாளை எடுத்து, எதையும் பார்க்காமல் நிரப்புங்கள். வராத கட்டத்தை ஊகத்தால் நிரப்பாமல் காலியாக விட்டுவிட்டு, கடைசியில் அசலோடு ஒப்பிடுங்கள். இரவு தூங்கும் முன் மறுபடியும், அடுத்த வகுப்புக்குப் போகும் முன் மறுபடியும். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம்தான் ஆகும்.

அந்தக் காலிக் கட்டங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முயற்சியே செய்யாமல் நமக்கு வந்துவிடும் பெயர்கள் யாருடையவை? வாய் ஓயாதவன், முதல் பெஞ்சில் கை தூக்கிக்கொண்டே இருப்பவள், கடைசி பெஞ்சில் சேட்டை செய்பவன். இவர்கள் பெயர் முதல் வாரத்திலேயே பாடமாகிவிடும். தொந்தரவும் தராமல் கையும் தூக்காமல் நடுவில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து பேர் இருப்பார்கள், காலிக் கட்டங்கள் பெரும்பாலும் அவர்களுடையவை. சும்மா விட்டால் வருடம் முடியும் வரை அவை காலியாகவே இருக்கும். தேர்வுத் தாள் திருத்தும்போது ஒரு பெயரைப் பார்த்து ‘இது யார்?’ என்று யோசிக்க வேண்டிவரும். பெற்றோர் வந்து நிற்கும்போது “நல்ல பையன், அமைதியான பையன்” என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் இரண்டாம் நாள் வகுப்பில் காலிக் கட்டத்துப் பெயர்களிலிருந்தே தொடங்குங்கள். நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? வகுப்புத் தலைவரிடம் அடுக்கைக் கொடுத்து அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். முதலில் அந்தப் பதினைந்து பேருக்கு.

முகத்தைப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதிதாகப் பார்க்கும் முகத்தைப் பெரும்பாலும் முடி, முகத்தின் வடிவம் போன்ற வெளி அடையாளங்களை வைத்துத்தான் பிடிக்கிறோம், நன்கு பழகியவர்களைக் கண், மூக்கு, வாய் போன்ற உள் அமைப்பை வைத்து அடையாளம் காண்கிறோம். பழகிய முகத்துக்கு உள் அமைப்புதான் அதிகம் உதவுகிறது என்பதை எல்லிஸ், ஷெப்பர்ட், டேவிஸ் ஆகியோர் 1979-லேயே காட்டினார்கள். சீருடை அணிந்து எல்லோரும் ஒரே மாதிரி முடி வாரி வரும் வகுப்பில் புது ஆசிரியர் திணறுவது இதனால்தான். கண்ணாடி போட்டவள், சுருட்டை முடிக்காரன் என்று குறித்துக்கொண்டால் திங்கட்கிழமை கண்ணாடி இல்லாமல் வருவாள், அவன் முடி வெட்டிக்கொண்டு வருவான், கதை முடிந்தது. கண்ணையும் புருவத்தையும் வாய் அமைப்பையும் பாருங்கள். நடை, குரல் இரண்டும் நம்பகமானவை.

நினைவாற்றல் பயிற்சி தருபவர்கள் சொல்லும் ஒரு வழி உண்டு: முகத்தில் எடுப்பாகத் தெரியும் அம்சத்தைப் பெயரோடு வேடிக்கையான படமாக முடிச்சுப் போடுவது. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அறுபது பேருக்கு அறுபது படம் கட்டுவது அலுப்பு. அதைவிட, மனதுக்குள் ‘பெரிய காது’ என்று வைத்த அடையாளம் என்றாவது ஒரு நாள் வாய் தவறி வந்துவிடும். அப்படி வந்த ஒரு சொல்லை அந்தப் பிள்ளை பல வருடங்களுக்கு மறக்காது. அதனால் உருவத்தோடு முடிச்சுப் போடாதீர்கள், செயலோடு போடுங்கள். ‘புதிரை இரண்டு விதமாகப் போட்டுக் காட்டியவள்’, ‘ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டவன்’. இது வெளியே வந்தாலும் யாருக்கும் வலிக்காது.

உச்சரிப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள், உங்களிடம்தான். தெரியாத பெயரை வகுப்பு முன்னால் குத்துமதிப்பாக வாசிக்காதீர்கள். “நீயே சொல்லு, கேட்டுக்கொள்கிறேன்” என்று கேட்டு, காதில் விழுந்தபடியே உங்கள் எழுத்தில் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். “உன் பெயர் வாயில் நுழையவில்லையே” என்பதும், நம் வசதிக்காகச் சுருக்கி வைப்பதும் வேண்டாம். சுருக்குவதென்றால் அவர்களாகச் சுருக்கட்டும். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் ‘குட்டை’, ‘நெட்டை’, ‘நம்பர் டூ’ என்றெல்லாம் பிரிக்காமல், எப்படி அழைக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிவு செய்துவிடுவார்கள்.

அட்டைக்கு வருவோம். உள்பக்கம் காலியாக இருக்கிறதே, அதில் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லலாம். இந்தப் பாடத்தில் எது பயம், எது பிடிக்கும்? உன்னைப் பற்றி நான் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஏதாவது உண்டா? யாருக்கும் வாசித்துக் காட்ட மாட்டேன், எழுதாமலும் விடலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போன வருட மதிப்பெண், பெற்றோர் வேலை இதெல்லாம் கேட்க வேண்டாம், கேட்ட மாத்திரத்தில் ‘எடை போடுகிறார்’ என்று உள்ளே ஒரு கதவு சாத்திக்கொள்ளும். வகுப்பு முடிந்ததும் அட்டைகளை வாங்கி அன்றைக்கே படித்துவிடுங்கள், அடுத்த வகுப்பில் திருப்பிக் கொடுக்கலாம். ஒருத்தி ‘பலகை மங்கலாகத் தெரிகிறது’ என்று எழுதியிருந்தால், மறுநாள் எந்த அறிவிப்பும் இல்லாமல் இடமாற்றத்தோடு இடமாற்றமாக அவளை முன்னால் கொண்டுவாருங்கள். அவள் எதுவும் சொல்ல மாட்டாள். ஆனால் நீங்கள் படித்தீர்கள் என்பது அவளுக்குத் தெரியும். படிக்கப் போவதில்லை என்றால் கேட்காமலே இருப்பது மேல்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. கெல்பாக் என்பவரும் சகாக்களும் 2016-இல் வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் விருப்பங்கள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதினார்கள். சிலருக்கு மட்டும், மற்றவரோடு தங்களுக்குப் பொதுவாக இருந்த ஐந்து விஷயங்கள் தெரிவிக்கப்பட்டன. தங்களுக்கும் மாணவருக்கும் பொதுவானவை எவை என்று அறிந்த ஆசிரியர்கள் உறவு நெருக்கமானதாக உணர்ந்தார்கள், அந்த மாணவர்களின் மதிப்பெண்ணும் சற்றுக் கூடியது. உங்களைப் பற்றியும் நாலு வாக்கியம் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாழ்க்கை வரலாறு கேட்க யாரும் வரவில்லை.

ஆசிரியர் அறையில் மூத்தவர் ஒருவர் கட்டாயம் சொல்வார்: “இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள், முதல் நாளே சிரிக்காதே.” பாதி உண்மை. முதல் நாளில் தளர்த்திய ஒழுங்கைப் பின்னால் இறுக்குவது கஷ்டம்தான். ஆனால் பெயர் சொல்லி அழைப்பது தளர்வு ஆகாது. பெயர் தெரிந்த ஆசிரியர் தாழ்ந்த குரலில் கண்டிக்க முடியும், தெரியாதவர்தான் “ஏய், கட்டம் போட்ட சட்டை!” என்று கத்த வேண்டியிருக்கும். விதிகளை வாசித்தே முதல் மணியை ஓட்டிவிடாதீர்கள். அம்பாடி, ரோசந்தால் இருவரும் 1993-இல் செய்த ஆய்வில், ஆசிரியர் பாடம் நடத்தும் ஒலியில்லாத காட்சிகளை அரை நிமிடத்துக்கும் குறைவாகப் பார்த்தவர்கள் போட்ட மதிப்பீடு, பருவம் முழுக்க அவரிடம் படித்தவர்களின் மதிப்பீட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. முதல் மணியிலேயே பிள்ளைகள் உங்களை அளந்துவிடுவார்கள். அப்போது அவர்கள் கண்ணில் படுவது நீங்கள் பாடம் நடத்துவதாக இருக்கட்டும்.

பெயரைக் கற்றபின் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம். முதல் வாரம் முழுக்கத் திட்டுவதற்கு மட்டுமே பெயர் பயன்பட்டால், தன் பெயர் காதில் விழுந்ததுமே பிள்ளை சுருங்கும். கேள்வி கேட்கும்போது முதலில் கேள்வியைச் சொல்லி, சில நொடி விட்டு, பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற எல்லோரும் ‘தப்பித்தோம்’ என்று யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கவனம் சிதறியவரை இழுக்க வேண்டுமென்றால், நடத்திக்கொண்டிருக்கும் வாக்கியத்துக்கு நடுவிலேயே பெயரைச் சாதாரணமாக நுழையுங்கள்: “நேற்று பிரகாஷ் சொன்ன மாதிரி...” நெவில் மோரே 1959-இல் செய்த சோதனையில், ஒரு காதில் வருவதை மட்டும் கவனிக்கச் சொல்லப்பட்டவர்கள், மறு காதில் வந்த பிற சொற்களைப் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை. ஆனால் சொந்தப் பெயர் வந்தபோது சுமார் மூன்றில் ஒருவர் அதைப் பிடித்தார். கவனம் சிதறிய பிள்ளையும் பெயர் கேட்டு நிமிர்ந்து பார்ப்பான், நீங்கள் பாட்டுக்குத் தொடரலாம்.

கல்லூரியில் நூற்றைம்பது, இருநூறு பேர் இருந்தால்? அட்டையை எல்லா வகுப்புக்கும் கொண்டுவரச் சொல்லுங்கள். கூப்பர் என்பவரும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய உயிரியல் வகுப்பு ஒன்றில் இப்படிப் பெயர் அட்டை வைத்தார்கள். ஆசிரியருக்குத் தன் பெயர் தெரியும் என்று 78 சதவீத மாணவர்கள் நம்பினார்கள், உண்மையில் ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது 53 சதவீதம்தான். அட்டையைப் பார்த்துச் சொன்னாலும் பெயர் சொல்லி அழைத்தது கணக்கில் சேர்கிறது. ‘பார்த்துப் படிக்கிறேன், தெரிந்துவிடுமே’ என்ற கூச்சம் வேண்டாம்.

இணைய வகுப்பில் வேறு சிக்கல். முகத்துக்குக் கீழேயே பெயர் எப்போதும் தெரிவதால் நினைவிலிருந்து எடுக்கும் வேலையே நடப்பதில்லை, மாதக்கணக்கில் பார்த்தவர்களைக்கூட நேரில் கண்டால் விழிப்போம். அங்கேயும் வகுப்பு முடிந்தபின் முகங்களை மனதில் ஓட்டி எழுதிப் பார்ப்பதுதான் வழி.

இத்தனைக்குப் பிறகும் முகங்களே வேறுபட்டுத் தெரியவில்லை, நெருங்கிப் பழகியவர்களையே அடையாளம் காண முடிவதில்லை என்றால் அது அசட்டை ஆகாது. முகக் குருடு என்று ஒரு குறைபாடு உண்டு, நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கே அது இருந்தது. அப்படியானால் நிலையான இருக்கை வரிசையை வைத்துக்கொண்டு, ‘எனக்கு முகம் பிடிபடாது, வெளியே பார்த்தால் நீங்களே பெயர் சொல்லுங்கள்’ என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கு நீண்ட விடுமுறைக்குப் பின்தான் பெயர்கள் கொஞ்சம் உதிரும். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் அந்த வெற்றுக் கட்டத் தாளை மறுபடி ஒரு தடவை நிரப்பிப் பாருங்கள்.